வளைவா, பள்ளமா?

கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் ஊரிலிருந்து டாஹோ ஏரியை நோக்கி, சியரா நெவாடா மலைகளின் ஊடே ஒரு பாதை போகிறது. ரூபிகான் தடம் என்று பெயர். வழியெங்கும் கிரானைட் பாறைகள். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது இன்னொன்று குழிக்குள் இறங்கும். 1953-இல் ஜீப் உரிமையாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து இந்தத் தடத்தைக் கடந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2003-இல், ஜீப் நிறுவனம் தன் ராங்ளர் வண்டியின் வலுவான ஒரு வகைக்கு ரூபிகான் என்றே பெயர் சூட்டியது.

அந்தப் பெயர் தாங்கிய வண்டிகளும் தினமும் பாறை ஏறுவதில்லை. அவற்றை ஓட்டும் பலர் அதே வண்டியில்தான் அலுவலகம் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள், நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கிறார்கள். விடுமுறை வந்தால் மண்ணும் கல்லுமான வழியில் இறங்குகிறார்கள். இப்படி இரட்டை வாழ்க்கை வாழும் வண்டியில், இரண்டு வாழ்க்கைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஓர் உறுப்பு இருக்கிறது. அமெரிக்கர்கள் அதை ஸ்வே பார் என்கிறார்கள். நம் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார். சாலையில் உயிர் காக்கும் அந்தக் கம்பியே பாறையில் காலைப் பிடித்து இழுக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வதா, கழற்றுவதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க, அது என்ன செய்கிறது என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

முறுக்கை எதிர்க்கும் கம்பி

பார்வைக்கு எளிய பொருள். இரு முனைகளும் ஒரே பக்கம் மடிந்த ஓர் எஃகுக் கம்பி, அவ்வளவுதான். நடுப்பகுதி வண்டியின் அடிச்சட்டத்தில் ரப்பர் புஷ்களுக்குள் சுழலும்படி பொருந்தியிருக்கும். மடிந்த இரண்டு கைகளும் லிங்க் எனப்படும் சிறு தண்டுகள் வழியாக இடது சக்கரத்தோடும் வலது சக்கரத்தோடும் இணைந்திருக்கும். கனடாவின் ஃப்ரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் இத்தகைய அமைப்புக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை.

வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு மேலே வந்தால், பார் தன் புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். அந்தக் கணத்தில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஒரு சக்கரம் மட்டும் மேலே போனாலோ கம்பியின் ஒரு கை உயர, மறு கை அங்கேயே நிற்க, நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியை இரு கைகளாலும் எதிரெதிராகத் திருகும்போது உள்ளங்கையில் ஓர் எதிர்ப்பை உணர்கிறோமே, எஃகும் அப்படித்தான் எதிர்க்கும். திருகலை விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்டெபிலைசர் பார் என்பது நீட்டிப் போட்ட ஒரு ஸ்பிரிங். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உயரத்தில் வித்தியாசம் வரும்போது மட்டும் அது வேலை செய்யும்.

இந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பானது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதன் தடிமன்தான். முறுக்கும்போது கம்பியின் மையப்பகுதி அதிகம் உழைப்பதில்லை. வெளிவிளிம்புதான் சுமையைத் தாங்குகிறது. ஆகவே விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 25 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 30 மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடிமன் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. விறைப்போ இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. குழாய்போல் உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்யும் பார்களின் ரகசியமும் இதுவே. உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதி என்றால் எடையில் கால்பங்கு குறைகிறது, விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் போகிறது. கைகளின் நீளமும் கணக்கில் சேரும். கை நீண்டால் சக்கரம் உணரும் விறைப்பு நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 20 சென்டிமீட்டர் கையை 30 ஆக்கினால், அதே கம்பி பாதிக்கும் குறைவான விறைப்பையே சக்கரத்துக்குக் காட்டும். கடையில் வாங்கும் மாற்றுப் பார்கள் எல்லாமே இந்த இரண்டு எண்களை மாற்றி வைத்த வடிவங்கள்தான்.

சாலையில் அது செய்வதும் செய்யாததும்

வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. வெளிச்சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்குகிறது, உள்சக்கரத்தின் ஸ்பிரிங் விரிகிறது. இரண்டு பக்கமும் உயரம் மாறுவதால் பார் முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘பார் இருந்தால் வெளிச்சக்கரத்தின் மேல் விழும் பாரம் குறையும்’ என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை.

2000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் அதன் எடைமையம், இடவலச் சக்கரங்களுக்கிடையே 1.6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு பக்கவாட்டு முடுக்கத்தோடு அது திரும்புகிறது. எடை, முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி அகலத்தால் வகுத்தால், சுமார் 437 கிலோ பாரம் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. இந்தக் கணக்கில் பார் எங்கும் வரவில்லை. உடல் சாய்வதால் எடைமையம் சற்றே நகரும் சிறு வேறுபாட்டை விட்டுவிட்டால், பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறும் பாரம் அதேதான்.

அந்த 437 கிலோவில் எவ்வளவை முன் ஆக்சில் ஏற்பது, எவ்வளவைப் பின் ஆக்சில் ஏற்பது என்ற பங்கீட்டைத்தான் பார் தீர்மானிக்கிறது. எந்த ஆக்சிலில் விறைப்பு அதிகமோ அது அதிகப் பங்கை ஏற்கும். அதிகப் பங்கை ஏற்கும் ஆக்சிலின் டயர்கள் முதலில் பிடி இழக்கும். முன்டயர்கள் முதலில் நழுவினால், வண்டி ஓட்டுநர் நினைத்ததைவிடக் குறைவாகத் திரும்பும். கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிடும், வண்டி மீளும். பின்டயர்கள் முதலில் நழுவினால் வண்டியின் வால் சுற்றிக்கொள்ளும், அதைத் திருத்தப் பழகிய கை வேண்டும். அதனால்தான் சாதாரண மனிதர்கள் ஓட்டும் வண்டிகளில் முன்பக்கம் சற்று விறைப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். முன் பாரைக் கழற்றிவிட்டுப் பின் பாரை மட்டும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர், கொஞ்சம் அதிகம் ஆடும் வண்டியை மட்டும் ஓட்டவில்லை. எந்தச் சக்கரம் முதலில் கைவிடும் என்ற வரிசையையே தலைகீழாக்கும் வாய்ப்போடு ஓட்டுகிறார். நாய் குறுக்கே ஓடும் ஒரு நொடியில்தான் அது தெரியவரும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லா இலகுரக வண்டிகளிலும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். வண்டி வழுக்கும்போது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போட்டு அதை நேராக்கும் அமைப்பு அது. பார் அதன் இடத்தில் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் அதன் கணக்குகள் அமைந்திருக்கின்றன.

பாறையில் நேர்வது

இப்போது அதே வண்டி ரூபிகான் தடத்தில். முன் வலச்சக்கரம் பாறைமேல் ஏறுகிறது, இடச்சக்கரம் பள்ளத்துக்கு மேலே நிற்கிறது. இடச்சக்கரம் இறங்கித் தரையைத் தொட வேண்டும். பார் விடாது. வலக்கை உயர்ந்ததால் முறுக்கிக்கொண்ட கம்பி, இடக்கையையும் மேலே இழுக்கிறது. சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்குகிறது, அல்லது தரையை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சம அளவு திருப்புவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய விசை போதும். ஆகவே பாறைமேல் அழுந்தி நிற்கும் நல்ல சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கிறது. ஒன்று காற்றில் சுற்ற, மற்றது அசையாமல் நிற்கும். ஆக, சக்கரம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைவிட, இறங்கிய சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதே முக்கியம். பாரம்தான் பிடி.

சக்கரங்கள் எவ்வளவு தூரம் விலகிக்கொடுக்கும் என்பதை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. 20 பாகைச் சாய்தளத்தில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார்கள். வேறொரு சக்கரம் தரையை விட்டு எழப்போகும் இடத்தில் நிறுத்துவார்கள். ஏறிய தூரத்தை வண்டியின் சக்கர இடைவெளியால் வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். 2.46 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள இரண்டு கதவு ராங்ளர் 1.23 மீட்டர் ஏறினால் மதிப்பெண் 500. முன்னும் பின்னும் இடவலச் சக்கரங்கள் ஒரே நீண்ட ஆக்சிலால் இணைந்த வண்டிகளில், முன் பாரை விடுவித்ததும் இந்த எண் நன்றாக ஏறும். முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் வண்டிகளில் ஏற்றம் குறைவு. அங்கே கைகளின் நீளமும் மூட்டுகளின் கோணமும் முன்கூட்டியே எல்லை போட்டுவிடும்.

நான்கு அசைவுகள்

நான்கு சக்கர வண்டியின் சக்கரங்கள் உடலைப் பொறுத்து அசையும் விதங்களை நான்காகப் பிரிக்கலாம். நான்கும் ஒன்றாக ஏறியிறங்குவது ஒன்று. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழுவது, அல்லது அதற்கு எதிராக நடப்பது இரண்டு. இடப்பக்கம் முழுவதும் ஒருபுறமும் வலப்பக்கம் முழுவதும் மறுபுறமும் போவது மூன்று. இது சாய்வு. முன் ஆக்சில் ஒரு பக்கமும் பின் ஆக்சில் எதிர்ப்பக்கமும் சாய்வது நான்கு. இதை முறுகல் என்போம். வளைவில் நடப்பது சாய்வு. பாறையில் நடப்பது முறுகல்.

முதல் இரண்டு அசைவுகளிலும் பார் தலையிடுவதில்லை. மூன்றாவதை அது எதிர்க்க வேண்டும், நான்காவதை அனுமதிக்க வேண்டும். ஆனால் முன் பாருக்குத் தெரிவது முன் ஆக்சில் மட்டும். பின்னால் என்ன நடக்கிறது என்று அது அறியாது. வலது முன்சக்கரம் உயர்ந்தால், அது வளைவாலா பாறையாலா என்று பிரித்தறிய அதனிடம் வழியில்லை. இரண்டையும் ஒரே மாதிரி எதிர்க்கிறது.

சந்தையில் இருக்கும் எல்லாத் தீர்வுகளும் இந்தக் குருட்டுத்தனத்துக்கான பதில்கள்தாம். வளைவையும் பள்ளத்தையும் யார் பிரித்துச் சொல்வது? ஓட்டுநரின் கையா, ஒரு பொத்தானா, குழாயில் ஓடும் எண்ணெயா? அல்லது யாரும் சொல்லாமல் இரண்டுக்கும் நடுவே சமரசமா? தேர்வு செய்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

ஐந்து வழிகள்

முதல் வழி, எதையும் தொடாமல் விடுவது. விடுமுறையில் போவது மண்சாலையும் சரளைச் சாலையும் ஆற்றுமணலும் என்றால், பார் அங்கே பெரிய தடையே இல்லை. டயர் காற்றைச் சாலை அளவான 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 20 பக்கம் இறக்கினாலே டயர் பரந்து தரையைப் பற்றும், குலுக்கலும் குறையும். செலவு, ஒரு காற்றழுத்தமானியும் மறுபடி காற்றடிக்க ஒரு சிறு கம்ப்ரசரும். சரளைச் சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பார் இணைந்திருப்பதுதான் பாதுகாப்பும்கூட.

இரண்டாம் வழி, கையால் கழற்றும் லிங்க். போல்ட்டுக்குப் பதில் பின் வைத்த லிங்க்குகளை முன்பக்கம் மாட்டிக்கொள்வார்கள். தடம் தொடங்கும் இடத்தில் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பின்னை உருவி, கைகளை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் தொங்கும் கை பிரேக் ஹோஸிலோ டயரிலோ இடிக்கும். விலை குறைவு, பழுதாக மின்பாகம் இல்லை, விடுதலையும் முழுமையானது. பலவீனம் ஒன்றே, அது மனிதன். சேற்றிலும் மழையிலும் வண்டிக்கடியில் குனிய வேண்டும். அதைவிட முக்கியம், நாள் முழுக்க ஓட்டிக் களைத்த மாலையில், சாலையில் ஏறும் முன் மறுபடி மாட்ட மறக்கக் கூடாது.

மூன்றாம் வழி, பொத்தான். 2007 மாடல் ராங்ளர் ரூபிகானில் ஜீப் இதைக் கொண்டுவந்தது. முன் பார் நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு மோட்டார் நகர்த்தும் இணைப்பு அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிறது. நான்கு சக்கர இயக்கத்தில் பொத்தானை அழுத்தினால் பிரியும். வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ள முயலும். 22-க்குக் கீழே வந்தால் திரும்பவும் பிரியும். இரண்டு பாதிகளும் நேர்கோட்டுக்கு வரும்வரை சேர முடியாது, அதுவரை விளக்கு மினுக்கி எச்சரிக்கும். 2021 ஃபோர்ட் பிராங்கோ ஹைட்ராலிக் முறையில் இதைச் செய்கிறது. சக்கரங்கள் ஏற்கெனவே விலகி, பார் முறுக்கிக்கொண்டிருக்கும்போதும் அதை விடுவிக்க முடியும். டொயோட்டாவின் லேண்ட் குரூஸர் 250-யிலும் முன் பாரைப் பொத்தானால் விடுவிக்கும் வகை உண்டு. இவை மறதியை மன்னிக்கும் அமைப்புகள். பதிலுக்கு, மின்பாகங்கள் தண்ணீரும் சேறும் தெறிக்கும் இடத்தில் வாழ்கின்றன. மாதம் ஒருமுறையாவது இயக்கிப் பார்ப்பது நல்லது.

நான்காம் வழி, மென்மையான பார். ராக்ஜாக் நிறுவனத்தின் ஆன்டிராக் இதில் பெயர் பெற்றது. மெல்லிய முறுக்குக் கம்பி, பல துளைகளுள்ள நீண்ட கைகள். எந்தத் துளையில் லிங்க்கை மாட்டுகிறோமோ அதற்கேற்ப விறைப்பு மாறும். இது எப்போதும் இணைந்தே இருக்கும். முன்பக்கத்தை முழுக்க விடுவித்தால், உடலை நிமிர்த்தும் வேலை பெரும்பாலும் பின் ஆக்சில் தலையில் விழும். பின் ஆக்சில் சாயும் பக்கமே உடலும் சாய்ந்து, பயணிகள் இருக்கையில் அலைக்கழிக்கப்படுவார்கள். மெல்லிய பார் அந்த வேலையில் ஒரு பங்கை முன்பக்கமும் ஏற்கச் செய்கிறது. பாறையில் வண்டி பதறாமல் நடக்கும். விலை, சாலையில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் சாய்வு. வாரம்தோறும் தடம் ஏறுபவருக்கு இது அருமையான தேர்வு. வருடத்தில் சில முறை போகிறவர், ஆண்டு முழுவதும் சாலையில் அதற்கு வட்டி கட்டுவார்.

ஐந்தாவதுதான் அழகான விடை. மேற்கு ஆஸ்திரேலியாவின் டன்ஸ்பரோவில் கைனெடிக் என்ற நிறுவனம் வளர்த்த யோசனை, கேடிஎஸ்எஸ் என்ற பெயரில் 2004 மாடல் லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 470-இலும், பின்னர் லேண்ட் குரூஸர் 200-இலும் வந்தது. முன் பாரின் ஒரு முனையிலும் பின் பாரின் ஒரு முனையிலும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. இரண்டையும் எண்ணெய்க் குழாய்கள் இணைக்கின்றன. வளைவில் முன்பின் இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால், இரு சிலிண்டர்களும் எண்ணெயை ஒன்றையொன்று நோக்கி ஒரே வலுவில் தள்ளுகின்றன. போக இடமில்லாமல் எண்ணெய் நிற்கிறது. இரண்டு பார்களும் முழு விறைப்போடு வேலை செய்கின்றன. பாறையில் முன் ஆக்சில் ஒரு பக்கமும் பின் ஆக்சில் மறுபக்கமும் சாய்வதால், ஒரு சிலிண்டர் தள்ளும் எண்ணெயை மற்றது உள்ளிழுத்துக்கொள்கிறது. பார்கள் தளர்கின்றன. முன் பாருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்றோமே, அந்தச் செய்தியை எண்ணெய் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாய்வையும் முறுகலையும் அது பிரித்தறிவதற்கு ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இது வண்டியோடு பிறக்க வேண்டிய உறுப்பு. பிறகு வாங்கி மாட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. வண்டியை உயர்த்தும் மாற்றங்களைச் செய்யும்போதும் கூடுதல் கவனம் கேட்கும்.

எதைத் தேர்வது

வண்டி பெரும்பாலும் சாலையில் ஓடுகிறது, எப்போதாவதுதான் பாறை ஏறுகிறது என்றால், சாலைக்கான பாரை அதன் முழு விறைப்போடு வைத்துக்கொள்வதே அடிப்படை. விடுதலை வேண்டுமென்றால், அது தற்காலிகமாக வந்து முழுமையாகத் திரும்பிப் போக வேண்டும். புதிய வண்டி வாங்கும் நிலையில் இருப்பவர், பொத்தானோ எண்ணெய் இணைப்போ உள்ள வகையை வாங்குவதே சிறந்தது. ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவருக்கு, முன்பக்கம் கையால் கழற்றும் லிங்க் போதும். ஆனால் அந்த வண்டியை வீட்டில் வேறு யாரும் ஓட்டுவார்கள் என்றால், சாவியைக் கொடுக்கும் முன் லிங்க் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

பின் பாரைத் தொடாமல் விடுங்கள். தடத்தில் உடலுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், அதை அது தருகிறது. சமமான மலைச்சரிவில் குறுக்கே போக நேர்ந்தால் முன் பாரையும் இணைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பது முறுகல் அல்ல, சாய்வு. தளர்ந்த வண்டி பள்ளத்தின் பக்கம் இன்னும் சாயும். கூரைமேல் கூடாரமும் பெட்டிகளும் ஏற்றுகிறவர்களுக்குத் தடித்த பார் ஆசையாகத் தெரியும். சாலையில் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் நான்காம் அடுக்கு விதி பாறையிலும் அதே கணக்கோடு வரும். ஒரு பக்கத்து மேடு மறுபக்கச் சக்கரத்தையும் உலுக்கும். எடையைக் கூரையிலிருந்து கீழே இறக்குவது அதைவிட நல்ல வைத்தியம்.

டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் உள்ள வண்டியில் தொங்கும் சக்கரம் வீணே சுற்றாது. இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும். பிரேக் வழியாக வழுக்கலைத் தடுக்கும் அமைப்பும் ஓரளவு அதையே செய்யும். முன்னேறுவது மட்டும் நோக்கம் என்றால் இவையே பல தடங்களுக்குப் போதும். பாரை விடுவிப்பது தருவது வேறொன்று. நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும். வண்டி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் திடீரெனப் புரண்டு விழாமல் இறங்கும். செங்குத்தான இறக்கத்தில் அந்த அமைதியின் மதிப்பு தெரியும்.

எந்த வழியில் விடுவித்தாலும், பாருக்குப் பின்னால் காத்திருக்கும் அடுத்த எல்லைகளைச் சரிபார்க்க வேண்டும். சக்கரம் முழுதாக இறங்கும்போது ஷாக் அப்சார்பர் இழுபடுகிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, மேலே ஏறும் டயர் ஃபெண்டரை உரசுகிறதா என்று பட்டறையில் மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். உயர்த்திய வண்டியில் பழைய நீள லிங்க் இருந்தால் கைகள் கோணலாக நிற்கும். பெரிய இறக்கத்தில் லிங்க் புரண்டு எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்ளவும் கூடும். உயர்த்திய அளவுக்கு நீண்ட லிங்க் அங்கே தேவை. சாலையில் சிறு பள்ளத்திலும் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டினால் லிங்க்கின் மூட்டையும் புஷ்ஷையும் முதலில் பாருங்கள். தேய்ந்த மூட்டு, கொஞ்ச தூரம் சும்மா ஆடிய பிறகுதான் பாரை இழுக்கும். விலை உயர்ந்த எந்தப் பாரை மாட்டினாலும், அந்த இடைவெளி இருக்கும்வரை, அவசரத் திருப்பத்தில் அது தாமதமாகவே வேலைக்கு வரும்.